63 ஹெர்ட்ஸை ஏற்றியதில் வந்த வினை: டெசிபல் மீட்டர் வைத்து ஈக்வலைசர் செட் செய்வது

கேள்வி இதுதான். செங்கோட்டைக்கு மேற்கே புளியரையில் வீடு. பட்டாசல் (ஹால்) 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். மேலே கான்கிரீட் தட்டட்டி, கீழே மொசைக். அசெம்பிள் செய்து வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர், 10 பேண்ட் கிராபிக் ஈக்வலைசர் (ஒலியைப் பத்துச் சுருதிப் பகுதிகளாக, அதாவது பேண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி ஸ்லைடரால் ஏற்றி இறக்குவது), 11 அடிச் சுவர்ப் பக்கம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, அதே பக்க மூலையில் ஒரு சப்வூஃபர். பெட்டிகளின் முகப்பு சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்கிறது. மறுபக்கம் வாசலுக்கு நடை வேண்டும் என்பதால் சோபா எதிர்ச்சுவரை ஒட்டி வலது மூலையில். ஈக்வலைசரை நடுவில் வைத்து ஒவ்வொரு பேண்டாக இரைச்சல் ஓடவிட்டு, மீட்டரை ஏ வெயிட்டிங்கில் வைத்து அளந்ததில் வந்த எண்கள்: 31.5 ஹெர்ட்ஸில் 38, 63-இல் 58, 125-இல் 55, 250-இல் 67, 500-இல் 71, ஆயிரத்தில் 75, 2000-இல் 76, 4000-இல் 75, 8000-இல் 70, 16000-இல் 58. சமன் செய்யலாம் என்று 31, 63, 125 மூன்றையும் உச்சிக்கு ஏற்றியாயிற்று. இப்போது தவில் குடத்துக்குள் அடிக்கிற மாதிரி இருக்கிறது, பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை, சத்தம் கூட்டினால் ஆம்ப்ளிபயர் கரகரக்கிறது. மீட்டர் கோளாறா?

அண்ணாச்சி, மீட்டரில் கோளாறு இல்லை. ஏ-வில் வைத்து அளந்ததுதான் கோளாறு. ஏ வெயிட்டிங் என்பது காது மெல்லிய சத்தத்தைக் கேட்கிற விதத்தைப் பின்பற்றுகிற வடிகட்டி. கீழ்ச்சுருதியை அது வேண்டுமென்றே வெட்டிவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ஆலை இரைச்சல், சாலை இரைச்சல் அளக்கிறவர்களுக்கு அது சரி. ஈக்வலைசர் செட் செய்ய உதவாது. எவ்வளவு வெட்டுகிறது என்பது தரநிர்ணயத்திலேயே இருக்கிறது: 31.5-இல் 39.4 டெசிபல், 63-இல் 26.2, 125-இல் 16.1, 250-இல் 8.6, 500-இல் 3.2. ஆயிரத்தில் ஒன்றுமில்லை. 2000-இல் 1.2-ம் 4000-இல் 1-ம் கூட்டிக் காட்டும். மறுபடி 8000-இல் 1.1, 16000-இல் 6.6 குறைக்கும்.

இதைத் திருப்பிப் போட்டால் உங்கள் அறையில் உண்மையில் இருந்தது தெரிந்துவிடும். 63-இல் 58-உடன் 26.2 சேர்த்தால் 84. 125-இல் 71. 250-இல் கிட்டத்தட்ட 76, 500-இல் 74, ஆயிரத்தில் 75, 2000-இல் 75, 4000-இல் 74, 8000-இல் 71. அதாவது 63 ஏற்கெனவே 9 டெசிபல் தூக்கலாக இருந்தது. அதன் மேல் நீங்கள் இன்னும் 12 ஏற்றியிருக்கிறீர்கள். மீட்டரை, கீழ்ச்சுருதியை அதிகம் வெட்டாத சி வெயிட்டிங்கில் வைத்திருந்தால் அந்த இடத்தில் 83 என்று காட்டியிருக்கும், ஏற்றுகிற எண்ணமே வந்திருக்காது.

31.5-இல் வந்த 38-ஐ நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஃபேன் ஓடுகிற அறையில் பாட்டே ஓடாவிட்டாலும் ஏ-வில் 38, 40 காட்டும். நீங்கள் அளந்தது ஃபேனை.

கரகரப்புக்கும் காரணம் இதுவே. 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிபயர் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும், 6 ஏற்றினால் நான்கு மடங்கு, 12 ஏற்றினால் 16 மடங்கு. 2 வாட்டில் முடிகிற தொப்பி அடி (தவிலின் கீழ்ச்சுருதிப் பக்கம்) 32 வாட் கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே 50 வாட் ஆம்ப்ளிபயருக்கு மூச்சு முட்டி அலை உச்சியில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மேல்சுருதி தாராளமாகக் கிளம்பும். அது மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போய்ச் சுருளைக் கருக்கும். கீழ்ச்சுருதிக்கான ஊஃபரை ஏற்றினோம், ட்வீட்டர் ஏன் போனது என்று கடையில் வந்து கேட்பவர்கள் கதை பெரும்பாலும் இதுதான். பாட்டுச் சொல் புரியாததற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். பலமான கீழ்ச்சுருதி தனக்கு மேலே உள்ளதைக் காதில் மூடிவிடும். அதனால் முதல் வேலை, எல்லா ஸ்லைடரையும் நடுவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

இனி அளக்கிற விதம். மீட்டரில் சி, ஸ்லோ. அதிகபட்சத்தைப் பிடித்து வைக்கிற ‘மேக்ஸ்’ பட்டன் அணைந்திருக்க வேண்டும். ரேஞ்ச் மாற்றுகிற மீட்டரானால் 50 முதல் 100 வரையுள்ள ரேஞ்ச் போதும். சி-யும் முற்றிலும் தட்டையல்ல. 31.5-இல் 3 டெசிபல், 40-இல் 2, 50-இல் 1.3, 63-இல் 0.8, 80-இல் 0.5 குறைத்துக் காட்டும். மேலே 4000-இல் 0.8, 8000-இல் 3, 16000-இல் 8.5. இவற்றை அளந்த எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ளவற்றைத் தொட வேண்டாம். சில மீட்டரில் ‘இசட்’ என்று ஒன்று இருக்கும், அது எதையும் வெட்டாது. அது இருந்தால் கூட்டல் கழித்தல் இல்லை.

மீட்டரைச் சரிபார்க்க நிலையான ஒலி தருகிற 94 டெசிபல் கேலிபிரேட்டர் தேவையா என்றால், இந்த வேலைக்குத் தேவையில்லை. மீட்டர் எல்லா இடத்திலும் 2 டெசிபல் கூட்டிக் காட்டினாலும் நாம் பார்ப்பது ஒரு பேண்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். ஆனால் பேட்டரி இறங்கியிருந்தால் நடுவில் எண் நகரும், அது ஆபத்து. புது பேட்டரி போட்டு உட்காருங்கள்.

விலை குறைந்த மீட்டர்களின் பெட்டியிலேயே 31.5 ஹெர்ட்ஸ் முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். அதை நம்புங்கள். சாதாரண கிளாஸ் 2 மீட்டர் 16 கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு குறைத்துக் காட்டினாலும் தரநிர்ணயப்படி தப்பில்லை. உங்கள் 16000 எண்ணை அடித்துவிட்டு அந்த ஸ்லைடரை நடுவிலேயே விடுங்கள். கைபேசி ஆப் மேல்பகுதிக்கு ஓரளவு சரிப்படும். கீழே 100-க்குக் குறைவான இடத்தில் பேச்சுக்காக வைத்த வடிகட்டி குறுக்கே வரும், அதை வைத்துச் சப்வூஃபர் செட் செய்ய முடியாது.

எதை ஓடவிடுவது? சுத்தமான ஒற்றைச் சுருதியை ஓடவிட்டால் சுவர்களில் மோதித் திரும்பும் அலை சில இடத்தில் பலமாகவும் சில இடத்தில் இல்லாமலும் நின்று, மீட்டரை ஒரு சாண் நகர்த்தினாலே எண் 5, 6 மாறும். முழு பிங்க் நாய்ஸை (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே எண்தான் வரும். பேண்டாக நறுக்கிய பிங்க் நாய்ஸ்தான் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளின் ஜெனரேட்டரில் கீழ் எல்லை, மேல் எல்லை கொடுத்து இதை ஓடவிடலாம். ஆக்டேவ் என்பது மேல் எல்லை கீழ் எல்லையின் இரு மடங்காக இருக்கிற பகுதி. மூன்றில் ஒரு ஆக்டேவ் வேண்டுமானால் நடு எண்ணை 1.122-ஆல் வகுத்தால் கீழ் எல்லை, பெருக்கினால் மேல் எல்லை: 63-க்கு 56 முதல் 71 வரை. முழு ஆக்டேவுக்கு 1.414: 63-க்கு 44.5 முதல் 89 வரை.

இங்கே இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு பேண்டையும் தனிக் கோப்பாகச் சேமித்து ‘நார்மலைஸ்’ கொடுத்துவிடுவது. அதோடு பேண்டுகளுக்கிடையே இருந்த சமநிலை போயிற்று, அளந்தது எல்லாம் வீண். இரண்டு, ஆக்டேவ் அளவையும் மூன்றில் ஒரு ஆக்டேவ் அளவையும் ஒரே பட்டியலில் கலப்பது. ஒரே ஒலியை மூன்றாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் 4.8 டெசிபல் குறைந்துதான் தெரியும். உங்கள் 10 பேண்டுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை ஆக்டேவில் எடுங்கள். பிறகு 40 முதல் 250 வரை மட்டும், 40, 50, 63, 80, 100, 125, 160, 200, 250 என்று மூன்றில் ஒன்றாகத் தனித் தாளில் எடுங்கள். முகடு எங்கே என்று இரண்டாவது தாள் காட்டும்.

கைபேசியிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ கேபிள் போட்டே கொடுங்கள், புளூடூத் வேண்டாம். அதில் உள்ள சவுண்ட் எஃபெக்ட், ஆம்ப்ளிபயரில் உள்ள லவுட்னஸ் பட்டன், பாஸ் பூஸ்ட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், பாஸ்-டிரெபிள் குமிழ்கள் நடுவில். லவுட்னஸ் விழுந்திருக்க ஒரு மாலை முழுக்க அளந்து, பிறகு பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

உங்கள் பக்கத்துக்கு நேரமும் முக்கியம். ஆனி ஆடியில் சாரலோடு கணவாய்க் காற்று இறங்கும்போது அளக்கவே வேண்டாம். மைக் முனையில் பஞ்சு மாட்டினாலும் காற்று 31-லும் 63-லும் போய் உட்காரும். கொல்லம் ரோட்டில் லோடு லாரி மலை ஏறும்போது காதுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் சி-யில் எண் துள்ளும். இரவு பதினொன்றுக்கு மேல், ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடாத நேரம் பார்த்து, ஒன்றும் ஓடவிடாமல் முதலில் ஒவ்வொரு முறையும் பின்னணியை எழுதிக்கொள்ளுங்கள். அளக்கிற எண் பின்னணியை விட 10 டெசிபல் மேலே இருந்தால் பிழை அரை டெசிபலுக்கும் குறைவு. 6 இருந்தால் ஒன்றேகால் டெசிபல். 3-தான் வித்தியாசம் என்றால் அதில் பாதி பின்னணி, அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். ஆயிரம் ஹெர்ட்ஸ் பேண்டில் 75 டெசிபல் வரும்படி வால்யூமை வைத்து, பிறகு வேலை முடியும்வரை அந்தக் குமிழைத் தொடக் கூடாது. அசெம்பிள் ஆம்ப்ளிபயரில் ஹம் (மின்சார ரீங்காரம்) இருந்தால் 50-லும் 100-லும் அதுவும் சேர்ந்துகொள்ளும், எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றி வருகிற எர்த் லூப்பை முதலில் சரி செய்யுங்கள்.

மீட்டரைக் கையில் பிடிக்காதீர்கள், உடம்பு குறுக்கே நிற்கும். ட்ரைபாட் இல்லாவிட்டால் ஒரு ஸ்டூலின் மேல் கம்பு நட்டு, துணி சுற்றிக் கட்டினால் போதும். உயரம் உங்கள் காது இருக்கிற உயரம். இதில் நம் வீடுகளுக்கு ஒரு சிக்கல் உண்டு: சிலர் சோபாவில், சிலர் பாய் விரித்துத் தரையில். 10 அடி உயர அறையில் மேலுக்கும் கீழுக்கும் நிற்கிற அலை 57 ஹெர்ட்ஸ். அது தரையில் பலமாகவும் நடு உயரத்தில் இல்லாமலும் இருக்கும். தரையில் உட்கார்ந்தவரின் காது இரண்டரை அடியில், நாற்காலிக்காரருடையது மூன்றேகால் அடியில். அந்த முக்கால் அடிக்கே 57-இல் சுமார் 3 டெசிபல் வித்தியாசம். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர் உயரத்துக்கு வையுங்கள்.

அந்த இடத்தைச் சுற்றி ஓர் அடிக்குள் ஐந்து புள்ளியில் எடுத்துச் சராசரி போடுங்கள். கீழ்ப் பேண்டுகளில் எண் நிலையாக நிற்காது, 4, 5 டெசிபல் ஏறி இறங்கும். குறுகலான இரைச்சலின் இயல்பு அது, மீட்டர் பழுதல்ல. 20 வினாடி பார்த்து நடு எண்ணை எழுதுங்கள். மைக் முனையை ஒரே திசையில் வையுங்கள். கீழே அது பொருட்டில்லை, 5000-க்கு மேல் திசை மாறினால் எண் மாறும்.

இவ்வளவும் சரி, ஆனால் ஈக்வலைசருக்கு இன்னும் வரவில்லை. உங்கள் எண்களில் உள்ள மேடும் பள்ளமும் ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இருக்கிறது. அதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். 28 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 1142 அடி போகும். அதில் பாதி 571. எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியால் 571-ஐ வகுத்தால் அந்தச் சுவர்களுக்கிடையே நிற்கிற முதல் அலை. 16 அடிக்கு 36 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 71. 11 அடிக்கு 52. 10 அடிக்கு 57. 52, 57, 71 மூன்றும் 63 ஸ்லைடரின் ஆக்டேவுக்குள், 44.5-க்கும் 89-க்கும் நடுவே விழுகின்றன. சப்வூஃபர் மூலையில் இருப்பதால் அத்தனை அலையையும் முழுப் பலத்தோடு கிளப்புகிறது. சோபாவும் மூலையில் இருப்பதால் அத்தனையும் முழுப் பலத்தோடு காதில் விழுகிறது. 84 டெசிபல் வந்ததில் ஆச்சரியமில்லை.

இந்தக் கணக்கு கான்கிரீட் அறைக்குத்தான். ஆரியங்காவுப் பக்கம் இருக்கிற மாதிரி ஓட்டுக் கூரை வீடானால் உயரக் கணக்கு பலிக்காது, ஓட்டு இடுக்கு வழியாகப் பாதி கீழ்ச்சுருதி வெளியே போய்விடும். அந்த வீடுகளில் குறை, பாஸ் போதவில்லை என்பதாகத்தான் வரும்.

125-இல் உள்ள பள்ளத்துக்கு வேறு கணக்கு. ஊஃபரிலிருந்து பின்பக்கம் போன அலை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, நேரே வருகிற அலைக்கு எதிராக வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 286-ஐ ஊஃபருக்கும் பின்சுவருக்கும் உள்ள அடிக்கணக்கால் வகுத்தால் அது நடக்கிற இடம். பெட்டியின் முதுகிலிருந்து அல்ல, கோன் இருக்கிற முகப்பிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் இரண்டரை அடிக்கு 114 ஹெர்ட்ஸ். அந்தப் பேண்டை எவ்வளவு ஏற்றினாலும் பள்ளம் நிறையாது. நேரே வருவது எவ்வளவு கூடுகிறதோ, திரும்பி வந்து தின்பதும் அதே அளவு கூடும். ஆம்ப்ளிபயர்தான் சூடாகும். ஈக்வலைசரை வைத்திருக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செலவழிக்கிற உழைப்பு இந்த மாதிரிப் பள்ளத்தை நிரப்பத்தான்.

ஆகவே மூன்று இடமாற்றம். பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளி முகப்பு சுவரிலிருந்து 14 அங்குலத்தில் வரட்டும். பள்ளம் 240-க்கு மேலே போய்விடும், அங்கே அது இவ்வளவு ஆழமாக இருக்காது. பெட்டிக்குப் பின்னால் காற்று ஓட்டை இருந்தால் நான்கு அங்குலமாவது இடம் விடுங்கள். சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்து 11 அடிச் சுவரின் நடுவில் வையுங்கள். அகலவாக்கில் நிற்கிற 52 ஹெர்ட்ஸுக்கு நடுப்புள்ளியில் பலம் இல்லை, அங்கிருந்து அதைக் கிளப்பவே முடியாது. மூன்றாவது சோபா. பின்சுவரிலிருந்து 5, 6 அடி முன்னே, அகலத்தில் நடுவே வந்தால் மிக நல்லது. நடை வழி விடாது என்றால் சுவரிலிருந்து இரண்டு அடியாவது நகர்த்துங்கள், அதற்கே மீட்டரில் பலன் தெரியும்.

கூடவே இரண்டு சோதனை. ஸ்பீக்கர் வயர் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் கீழ்ச்சுருதி காணாமல் போகும். சப்வூஃபரை அணைத்து, இரண்டு பெட்டிக்கும் ஒரே சிக்னல் கொடுத்து, இரண்டுக்கும் சம தூரத்தில் மீட்டரை வைத்து 125 பேண்டை ஓடவிடுங்கள். ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றி மறுபடி அளங்கள். எதில் எண் அதிகமோ அதுதான் சரியான இணைப்பு. அடுத்து சப்வூஃபர். கிராஸோவரை (சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸ் வரை பாட வேண்டும் என்கிற எல்லை) 80-இல் வைத்து, 80 பேண்டைப் பெட்டி, சப் எல்லாவற்றிலும் ஓடவிட்டு, அலையைத் தலைகீழாக்குகிற பேஸ் (phase) சுவிட்சை 0-விலும் 180-இலும் மாற்றிப் பாருங்கள். அதிக எண் காட்டுகிற பக்கம் விட்டுவிடுங்கள். பாஸ் தூக்கலாக இருக்கிறதே, குறைவான பக்கம் வைப்போமே என்று தோன்றும். கூடாது. அது இரண்டையும் மோதவிட்டுக் குறைப்பது, 80-ஐச் சுற்றி ஓட்டை விழும். தூக்கலைச் சப்வூஃபரின் வால்யூமில் குறையுங்கள்.

மொசைக் தரைக்கும் வெறும் சுவருக்கும் ஒரு வார்த்தை. நடுவில் நின்று கை தட்டினால் ‘டிர்ர்’ என்று ஓர் அதிர்வு திரும்பி வருகிறதா? அது மீட்டரில் தெரியாது, ஈக்வலைசரில் போகாது. பத்தமடைப் பாய் விரித்தால் அழகாக இருக்கும், ஒலிக்கு ஒன்றும் செய்யாது. தடித்த ஜமுக்காளம், சுவர்ப் பக்கம் துணி அடுக்கிய திறந்த அலமாரி, கனத்த திரை, இவை மேல்சுருதிக்கு உதவும். மூலையில் நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை 250-க்கு மேலே கொஞ்சம் பிடிக்கும். 60 ஹெர்ட்ஸை இவை எதுவும் தொடாது. முட்டை அட்டை ஒட்டுவது பல்லி குடியிருக்கத்தான்.

இப்போது மறுபடி முழுதாக அளந்துவிட்டு ஈக்வலைசருக்கு வாருங்கள். கேட்கிற இடத்தில் எல்லாப் பேண்டும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும் என்பது இரண்டாவது பெரிய தப்பு. நல்ல ஸ்பீக்கரும் அறைக்குள் வந்தால் கீழிருந்து மேலே போகப் போக மெல்லச் சரியும். காதும் அதைத்தான் இயல்பென்று எடுத்துக்கொள்ளும். முழுத் தட்டையாக்கினால் கீச்சென்று இருக்கும். ஆயிரத்தில் 75 என்றால் 63-இல் 79, 125-இல் 78, 250-இல் 76, 2000-இல் 74, 4000-இல் 73, 8000-இல் 72 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசையோடு உங்கள் பழைய எண்களை ஒப்பிட்டால் 250-லிருந்து 8000 வரை ஒரு டெசிபல் முன்னே பின்னே எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. கெட்டது 63-ம் 125-ம் மட்டும்.

63-ஐக் குறையுங்கள். அதிகம் இருப்பது 6 டெசிபல் என்றால் முதலில் 3 இறக்கி மறுபடி அளங்கள். 10 பேண்ட் ஈக்வலைசரில் ஒரு ஸ்லைடரை இறக்கினால் பக்கத்து ஸ்லைடரின் இடமும் ஒன்றிரண்டு டெசிபல் கூடவே இறங்கும். ஆறையும் ஒரேயடியாக இறக்கிவிட்டு, 125 குறைந்துவிட்டதே என்று அதை ஏற்றி, அது 63-ஐத் தூக்கி, இப்படி ஏணியும் பாம்புமாக ஓட வேண்டியிருக்கும். இறக்குவது 8 வரை போகலாம். ஏற்றுவது 3-க்கு மேல் எங்கேயும் வேண்டாம், 63-க்குக் கீழே ஏற்றவே வேண்டாம். 31 ஸ்லைடரை நடுவில் விடுங்கள். ஏதாவது ஒன்றை 3 ஏற்றியிருந்தால் ஈக்வலைசரின் இன்புட் லெவலையும் 3 குறையுங்கள், இல்லாவிட்டால் ஈக்வலைசருக்குள்ளேயே வெட்டுப்படும்.

மூன்றில் ஒரு ஆக்டேவ் தாளில் 50 மட்டும் தூக்கி, 63-ம் 80-ம் சரியாக இருந்தால் கிராபிக் ஈக்வலைசர் கொஞ்சம் முரட்டு ஆயுதம். முகட்டோடு சேர்த்து நல்லதையும் வெட்டும். இடம், அகலம், ஆழம் மூன்றையும் தனித்தனியே வைக்கிற பாராமெட்ரிக் ஈக்வலைசர் இருந்தால் அந்த ஒரு முகட்டை மட்டும் கியூ (எண் கூடினால் வெட்டு குறுகும்) 4, 5 வைத்துக் கிள்ளி எடுக்கலாம்.

மீட்டரை எது வரை நம்புவது? 16-க்கு 11-க்கு 10 என்றால் சுமார் 50 கன மீட்டர். இந்த அளவு வெறும் அறையில் 300 ஹெர்ட்ஸ் வரை அறைதான் ராஜா, மீட்டர் சொல்வதைக் கேட்கலாம். அதற்கு மேலே மீட்டர் நேர் ஒலியையும் எதிரொலியையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. காது இரண்டையும் பிரித்துக் கேட்கிறது. அங்கே 2 டெசிபலுக்குக் குறைவான வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், மீதியைக் காதில் முடியுங்கள். நன்றாகத் தெரிந்த, எக்கோ போடாத ஒரு குரல் பதிவை எடுங்கள். சகரமும் ஸகரமும் ஊசியாகக் குத்தினால் 8000-ஐ ஒன்று, இரண்டு இறக்குங்கள். குரல் மூக்கடைத்தது போல இருந்தால் 500-ஐ. சொல்லின் விளிம்பு மழுங்கியிருந்தால் 2000-ஐ ஒன்று ஏற்றிப் பாருங்கள், 250-ஐ ஒன்று இறக்கியும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் மருந்தாக இருக்கும். பிறகு தவில், நாதஸ்வரம் உள்ள பதிவு ஒன்று. தொப்பியில் அடியும், அடி முடிந்த பிறகு வருகிற நிசப்தமும் தனித்தனியே தெரிய வேண்டும். அடி முடிந்த பிறகும் ‘ம்ம்ம்’ என்று அறை முனகினால் 63 இன்னும் மிச்சம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துச் செண்டை மேளம் இதைவிட நல்ல பரீட்சை. அடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரிக் கேட்டால் கீழ்ப்பகுதி சரி. அதோடு வருகிற இலத்தாளம் (வெண்கலத் தாளம்) ஒரே சீழ்க்கையாகக் கலங்கினால் 4000-க்கும் 8000-க்கும் திரும்பப் போங்கள்.

இரவில் சத்தம் குறைத்துக் கேட்கும்போது பாஸ் குறைந்த மாதிரித் தோன்றும். அது செட்டிங் தவறல்ல. சத்தம் குறையும்போது காதுக்குக் கீழ்ச்சுருதி வேகமாக மங்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். லவுட்னஸ் பட்டன் வந்ததே இதற்காகத்தான். மெல்லக் கேட்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்லைடரை நகர்த்தாதீர்கள்.

முடித்ததும் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பிள்ளைகள் கை வைக்காமல் இருக்காது. உங்கள் ஊர் ஈரத்தில் ஸ்லைடர் தடத்தில் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். நகர்த்தும்போது ‘கர்’ என்றாலோ, ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டு வந்தாலோ அளவையே நம்ப முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை ஒரு சொட்டளவு அடித்து, மேலும் கீழும் இருபது தடவை ஓட்டி, கால் மணி நேரம் உலரவிட்டு, அப்புறம் மீட்டரை எடுங்கள்.